விசில் பின்னால் வருபவர் கழுத்தில்: கிருஷ்ணகிரியிலிருந்து அண்ணாமலைக்கு இரண்டு பேராக நடக்க

எங்க வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அதில் பாதிக்கு மேல் கிருஷ்ணகிரி–திருவண்ணாமலை ரூட். எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுவார்கள், எந்தக் கடை டீயில் பால் தண்ணீராக இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். நான் பழையபேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். அவர் நின்றே சம்பாதித்தவர், நான் உட்கார்ந்தே சம்பாதித்தவள். நடந்தே வருகிறோம் என்று அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டபோது இந்த வித்தியாசம் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

"மத்தூர் என்ன, முக்கால் மணி நேரம்" என்றார். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நடந்தபோது அதே மத்தூர் இரண்டாம் நாள் மதியத்துக்குத்தான் வந்தது.

2022 கார்த்திகையில் கிளம்பி ஊத்தங்கரையோடு திரும்பினோம். 2023-ல் போய்ச் சேர்ந்தோம். 2025 தைப்பூசத்துக்கு மறுபடியும் போனோம். முன்னால் மைக் செட், பின்னால் சமையல் வேன் என்று கூட்டமாகப் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. வேன் இல்லாமல், இரண்டே பேராக, கணவன் மனைவியோ அண்ணன் தம்பியோ சம்பந்திகளோ, முதுகில் ஒரு மூட்டையோடு கிளம்ப நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வழியும் நாளும்

வழி தவற வாய்ப்பே இல்லை. தேசிய நெடுஞ்சாலை 77, பழைய ஆட்களுக்கு 66. கிருஷ்ணகிரி, மத்தூர், சாமல்பட்டி, ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை. நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இளசுகள் நாலு நாளில் முடித்துவிடுகிறார்கள். ஐம்பது தாண்டிய எங்களுக்கு ஏழு நாள். ஒரு நாளைக்குப் பதின்மூன்று கிலோமீட்டரிலிருந்து இருபது வரை, அதற்கு மேல் வேண்டாம்.

முதல் நாள்தான் எல்லாரும் ஏமாறும் நாள். உடம்பில் தெம்பு இருக்கும், வாசலில் கற்பூரம் காட்டி அனுப்பியிருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் தெரு முனை வரை வந்திருப்பார்கள். அந்த வேகத்தில் மத்தூர் வரை ஒரே மூச்சில் இருபத்தைந்து கிலோமீட்டர் போய்விட்டால் மறுநாள் காலையில் பாயை விட்டு எழ முடியாது. முதல் நாள் பதினான்கு, பதினைந்தோடு நிறுத்துங்கள். மதியமே நிறுத்திவிட்டு என்ன செய்வது என்று கேட்டால், தூங்குங்கள். எங்களுக்கு மத்தூருக்குப் பாதி வழியில் ஒரு சொந்தக்காரர் வீடு இருந்தது வசதியாகப் போயிற்று. களியும் கீரைக்குழம்பும் போட்டு, "இவ்வளவு தூரம் நடந்தா வந்தீங்க?" என்று ஊரையே கூட்டிவிட்டார்கள். பதினைந்து கிலோமீட்டருக்கு.

எப்போது போவது? தீபத்துக்குத்தான் போக வேண்டும் என்று வேண்டுதல் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மகா தீபம் மலை மேல் பதினோரு நாள் எரியும். தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே நின்றே ஆக வேண்டும் என்றில்லை. 2023-ல் தீபம் நவம்பர் 26. நாங்கள் வேண்டுமென்றே மூன்று நாள் தள்ளிப் போய்ச் சேர்ந்தோம். கூட்டம் வடிந்திருந்தது, லாட்ஜ் வாடகையும் தரைக்கு இறங்கியிருந்தது, தீபமும் எரிந்துகொண்டிருந்தது.

கார்த்திகை மழை மாதம் என்பதை மறக்காதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரித் தண்ணீர் ரோட்டுக்கு வந்து, நிறுத்தியிருந்த வண்டிகளையே உருட்டிக்கொண்டு போனது. அதே மழையில் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த வருஷம் நாங்கள் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போகவில்லை. சாமிக்கு நாளை மாற்றிக்கொடுத்தால் கோபித்துக்கொள்ளமாட்டார். 2025 பிப்ரவரி 11, தைப்பூசப் பௌர்ணமிக்குப் போனோம். என்னைக் கேட்டால் தை, மாசிதான் நடைக்கு நல்ல காலம். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, வழியெல்லாம் மாமரம் பூத்திருக்கும். சித்திரைப் பௌர்ணமிக்கு நடப்பவர்களைப் பார்த்துக் கும்பிடுவேன், கூடப் போகமாட்டேன்.

உட்காரும் கணக்கு

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பேர் நடந்தால் ஒருவர் வேகம், ஒருவர் மெதுவு. சமமான ஜோடி என்று நான் இதுவரை எங்கும் பார்த்ததில்லை.

2022-ல் நடந்தது இதுதான். அவர் முன்னால் போய்விடுவார். ஒரு புளியமர நிழலிலோ சிறுபாலத்துக் கட்டையிலோ உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, துண்டால் முகம் துடைத்து, வருகிற போகிற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருப்பார். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கழித்து நான் போய்ச் சேருவேன். உடனே வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, "வந்துட்டியா, கிளம்பலாமா?" என்பார்.

அவருக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஓய்வு. எனக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. மெதுவாக நடப்பவளுக்குத்தான் ஓய்வு அதிகம் வேண்டும், அவளுக்குத்தான் அது கிடைக்கவே இல்லை. ஒரு நாளில் இப்படி நாலைந்து தடவை. இரண்டாம் நாள் ஐந்தாவது தடவை "கிளம்பலாமா?" என்றபோது நான் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நீங்க போங்க. நான் பஸ்ல வரேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "உனக்காகத்தானம்மா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்" என்றார். பாவம், அதுவும் உண்மைதான்.

அன்று ராத்திரி போட்ட விதி இன்று வரைக்கும் நிற்கிறது. ஓய்வு நேரம், இரண்டாவது ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் தொடங்கும். கைக்கடிகாரம் பார்த்துப் பத்து நிமிஷம். அதுவரை முன்னால் வந்தவர் எழுந்திருக்கவே கூடாது, எழுந்து சோம்பல் முறிக்கவும் கூடாது. ஒருவர் எழுந்து நின்றால் உட்கார்ந்திருப்பவருக்கு ஓய்வு அங்கேயே முடிந்துவிடுகிறது.

தோளோடு தோள் நடக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். வேகமானவர் மெதுவாக நடந்தால் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மெதுவானவர் எட்டிப்போட்டால் மூச்சு வாங்கும். நெடுஞ்சாலையில் பக்கம் பக்கமாக நடப்பதே ஆபத்து. ஒருவர் பின் ஒருவராக, அவரவர் காலுக்கு ஏற்றபடி நடங்கள். ஆனால் முன்னால் போகிறவரின் முதுகு பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும். வளைவு வந்தால் திரும்புவதற்கு முன் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

விசில் யோசனை அவருடையதுதான். ரிட்டயர் ஆனபோது வீட்டுக்குக் கொண்டுவந்த சாமான்களில் ஒரு பழைய விசில் இருந்தது. பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு விசில் என்றால் போகலாம். லாரிச் சத்தத்தில் "ஏங்க, ஏங்க" என்று கத்தித் தொண்டை வற்றுவதைவிட இது மேல். முதலில் அவர்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டார், பழக்கதோஷம். அரை நாளிலேயே தெரிந்துவிட்டது, முன்னால் போகிறவரிடம் விசில் இருந்து பிரயோசனம் இல்லை. நிற்கச் சொல்ல வேண்டியது பின்னால் இருப்பவர். இப்போது என் கழுத்தில் இருக்கிறது. முப்பது ஆள் நின்று பயணம் செய்த பஸ்ஸை ஊதி நிறுத்தியவர், நான் ஒரு ஊது ஊதினால் ரோட்டோரம் அப்படியே நிற்கிறார். அந்த சந்தோஷத்துக்காகவே இரண்டு தடவை சும்மா ஊதியிருக்கிறேன், கேட்காதீர்கள்.

அப்புறம் தூரம். அன்றைக்கு எங்கே நிற்பது என்பதைக் காலையிலேயே மெதுவானவர் சொல்ல வேண்டும். நடுவில் குறைக்கலாம், கூட்டக் கூடாது. "இன்னும் ரெண்டே ஸ்டாப்பு" என்ற வார்த்தைக்கு எங்கள் நடையில் தடை.

கால்

அவருக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியும், வேண்டுதல் வெறுங்காலுக்குத்தான் என்று 2022-ல் பிடிவாதமாக இருந்தார். சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிப்போகலாம், அப்போது முள் குத்தினாலும் தார் சுட்டாலும் முழுசாகத் தெரியாது. மூன்றாம் நாள் அவர் நடையில் ஒரு சாய்வு தெரிந்தது. கேட்டதற்கு "ஒண்ணுமில்லை, வா" என்றார். ஊத்தங்கரையில் காலைக் கழுவ உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். இடது குதிகாலில் நெல்லிக்காய் அளவு கொப்புளம் உடைந்து, தோல் மடங்கி, உள்ளே மண். சாமல்பட்டிக்கு முன்னாலிருந்தே வலி இருந்ததாம், சொல்லவில்லை.

பஸ் ஏறித் திரும்பினோம். அந்த பஸ் கண்டக்டர் இவர் வேலை கற்றுக்கொடுத்த பையன். "அண்ணே, நீங்களா? நடந்து போறதா சொன்னாங்களே!" என்றான். இவர் கிருஷ்ணகிரி வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வலியை மறைப்பதில்லை என்ற எங்கள் இரண்டாவது விதி அந்த ஜன்னலோரத்தில்தான் பிறந்தது. நடக்கும்போது ஒவ்வொரு ஓய்விலும் ஒருவர் காலை ஒருவர் பார்க்கிறோம். நம் குதிகாலை நாமே பார்ப்பது கஷ்டம், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒரு நொடி வேலை. சர்க்கரைக்காரர் என்றால் இதைத் தவறவிடவே கூடாது.

கொப்புளம் வருவதற்கு முன்னால் அந்த இடம் சுருக்கென்று சுடும். அப்போதே நின்று, காலைத் துடைத்து உலர்த்தி, மைக்ரோபோர் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டால் பாதிக் கொப்புளம் வராது. இன்னும் ஒரு கிலோமீட்டர் போய்ப் பார்க்கலாம் என்றால் வந்தேவிடும். வந்த பிறகு சிறியதாக இருந்தால் உடைக்காதீர்கள். பெரிதாகி நடக்கவே முடியாவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வடியவிட்டு, மேல்தோலை அப்படியே விட்டு மூடிக் கட்டுங்கள். அந்தத் தோல்தான் கட்டு. சர்க்கரை இருப்பவர்கள் இந்தக் கைவைத்தியத்துக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

தையல்காரியாக ஒன்று சொல்கிறேன். சாக்ஸைத் திருப்பிப் போடுங்கள். விரல் நுனியில் ஓடும் தையல் உள்பக்கம் இருந்தால் இருபதாயிரம் அடி எடுத்து வைக்கும்போது அது அரம் மாதிரி ராவும். திருப்பிப் போட்டால் தையல் வெளியே போய்விடும், யார் பார்க்கப் போகிறார்கள்? பேன்ட், சுடிதார் எதுவானாலும் தொடைக்கு நடுவில் நாலு தையல் கூடும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கேதான் உராய்ந்து புண்ணாகும். புடவை கட்டுபவர்கள் உள்ளே முழங்கால் வரை வரும் பருத்திக் கால்சட்டை போடுங்கள். தேங்காய் எண்ணெயோ வாசலினோ காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை தடவிக்கொள்ளுங்கள். ஆண்கள் இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு கால் அகட்டி நடப்பார்கள், நாம்தான் எண்ணெயைக் கையில் கொடுக்க வேண்டும்.

செருப்போ ஷூவோ, சாயங்காலம் கடைக்குப் போய் வாங்குங்கள். நடந்த கால் வீங்கும், காலையில் கச்சிதமாக இருந்தது மதியம் கடிக்கும். கட்டை விரலுக்கு முன்னால் சுண்டுவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். புதுசை அப்படியே போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். நாங்கள் இரண்டு மாசம் முன்னாலிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஷூ, அதே மூட்டையோடு கே.ஆர்.பி. அணை வரை நடந்து வருவோம். அணையில் மீன் வறுவல் தின்றுவிட்டுப் பஸ்ஸில் திரும்பியதும் உண்டு. நகத்தை நாலு நாள் முன்னதாக வெட்டிவிடுங்கள். கிளம்பும் நாள் வெட்டினால் ஓரம் கூராக இருந்து பக்கத்து விரலைக் கிழிக்கும்.

வெறுங்கால் வேண்டுதல்காரர்களுக்கு எங்கள் வழி இது: நெடுஞ்சாலையில் ஷூ, கிரிவலப் பாதையில் வெறுங்கால். அவர் முதலில் முணுமுணுத்தார். ஊர்க் குருக்களிடம் கேட்டோம், தாராளமாக என்றார்.

மூட்டை

ஆளுக்கு ஐந்து கிலோ. அதற்கு மேல் போனால் எதையாவது எடுத்து வெளியே வையுங்கள். இரண்டு பேராக நடப்பதில் உள்ள ஒரே சுகம், சாமானைப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு சோப்பு, ஒரு சார்ஜர், ஒரு மருந்துப் பை, ஒரு பூட்டு. ஆனால் டார்ச், தண்ணீர், ஆதார் நகல், கொஞ்சம் ரொக்கம் ஆகியவை இருவரிடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். எங்கள் காசு முழுவதும் ஒரு தடவை அவர் மூட்டையில் இருந்தது. அவர் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தார், எனக்கு ஒரு இளநீர் வேண்டியிருந்தது. இளநீர்க்காரர் நல்லவர், "அண்ணன்கிட்ட வாங்கிக்கறேன் போங்க" என்று மொபெட்டில் போய் அவரைப் பிடித்தார். மாற்றுத்துணி இரண்டு செட் போதும், ராத்திரி துவைத்தால் காலையில் காய்ந்துவிடும், காயாததை மூட்டைக்கு மேல் ஊக்கு குத்திப் போட்டு நடக்கலாம். மூட்டைப் பட்டையில் பழைய துண்டை நாலாக மடித்துத் தைத்துவிடுங்கள், தோள் அறுக்காது.

ரோடு

இந்த ரோட்டில் வண்டிகள் பறக்கும். 2023 அக்டோபரில் ஒரே மாதத்துக்குள் செங்கம் பக்கத்தில் இரண்டு பெரிய விபத்துகள். அதற்கு அடுத்த மாதம்தான் நாங்கள் நடந்தோம், வீட்டில் பிள்ளைகள் விடவே மாட்டேன் என்றார்கள்.

வலது ஓரமாக நடங்கள். எதிரே வருவதைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம், முதுகுக்குப் பின்னால் வருவதற்குக் காதை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். காலையில் இதில் இன்னொரு லாபமும் உண்டு. நாம் கிழக்கு, தென்கிழக்காகப் போகிறோம், சூரியன் நம் முகத்தில். நமக்கு எதிரே வரும் டிரைவருக்கு முதுகில் வெயில், நம்மை நன்றாகப் பார்ப்பார். சாயங்காலம் இது தலைகீழ். எதிரே வருபவர் கண்ணில் வெயில் நேராக அடிக்கும், ஓரத்தில் போகும் நாம் அவருக்கு வெறும் நிழல். கண்டக்டராக முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர் அவர், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐந்து மணிக்கு மேல் நாங்கள் நடப்பதில்லை. விடியலுக்கு முன்னும் கிளம்புவதில்லை. கூட்டமாகப் போகிறவர்கள் டியூப்லைட் கட்டிய வேனோடு ராத்திரி நடப்பார்கள், இரண்டு பேர் அந்த மாதிரி செய்யக் கூடாது. இருந்தாலும் மூட்டையின் பின்பக்கமும் முன்பட்டையிலும் ரேடியம் டேப் வைத்துத் தைத்திருக்கிறேன். ஒட்டினால் உரிந்துவிடும், தையல் போடுங்கள்.

கண்டெய்னர் லாரி கடக்கும்போது அதன் காற்று முதலில் இழுக்கும், அப்புறம் தள்ளும். நின்று, காலை அகட்டி, முந்தானையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹெட்செட்டில் பக்திப் பாட்டு வேண்டவே வேண்டாம். நாய்க்கு ஒரு கம்பு போதும், ஓடாமல் இருந்தால் அதுவும் தேவைப்படாது.

தண்ணீர், சாப்பாடு, ராத்திரி

ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில், டீக்கடைக்கு டீக்கடை நிரப்பிக்கொள்ளுங்கள். பெண்கள் ஒதுங்க இடம் இல்லையே என்று தண்ணீரைக் குறைப்பார்கள், நானும் குறைத்தேன். மதியத்துக்குள் தலைவலி, சாயங்காலம் நீர்க்கடுப்பு. பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறை இருக்கிறது, கேட்டால் சாவி தருவார்கள். முன்னால் போகிறவருக்கு இதையும் ஒரு வேலையாகக் கொடுங்கள்: பங்க்கைப் பார்த்தால் நின்று காத்திருக்க வேண்டும். மாதவிலக்கு நாள் நடுவில் வரும் பெண்கள் பேடு, பழைய பேப்பர், குப்பையைப் போட ஒரு மூடிய பை மூன்றையும் கையோடு வையுங்கள். செங்கத்துக்கும் ஊத்தங்கரைக்கும் நடுவில் கடை தேடி அலைய முடியாது.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. காலையில் இட்லி, பத்து மணிக்குக் கடலை உருண்டை, மதியம் தயிர்சாதம். நெடுக நடக்கும் நாளில் பிரியாணிக் கடையைப் பார்க்காத மாதிரி போய்விடுங்கள், விரதம் இல்லாதவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சர்க்கரை மாத்திரை போடுபவர் இவ்வளவு நடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கிளம்பும் முன் மாத்திரை அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், எல்லாவற்றுக்கும் மேல் காரணமில்லாமல் எரிச்சல் வரும். சிங்காரப்பேட்டை தாண்டி ஒரு நாள், நான் தொப்பி மறந்ததற்காக அவர் என்னை ரோட்டில் வைத்துக் கத்தினார். பதிலுக்குக் கத்த வாய் திறந்தவள், அவர் நெற்றியைப் பார்த்தேன். அந்தக் குளிரில் முத்து முத்தாக வியர்வை. வெல்லக்கட்டியை வாயில் வைத்தேன். பதினைந்து நிமிஷத்தில் "என்னம்மா சொன்னேன் நான்?" என்று கேட்டார். அதிலிருந்து அவருக்குக் கோபம் வந்தால் முதலில் வெல்லம், அப்புறம்தான் சண்டை.

நிஜச் சண்டையும் வரும். மதியம் மூன்று மணிக்கு, வெயிலும் களைப்பும் சேரும் நேரத்தில், இருபது வருஷத்துக்கு முந்தைய நாத்தனார் கல்யாணச் சீர் வரைக்கும் வந்துவிடும். அந்த நேரத்தில் திரும்பிப் போவதா, தொடர்வதா என்ற எந்த முடிவும் எடுக்காதீர்கள். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து காலையில் எடுங்கள். ஒருவரால் முடியவில்லை என்றால் மற்றவர் தனியாகத் தொடர்வதா, இருவருமே திரும்புவதா என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நாங்கள் இருவருமே திரும்புவது என்று வைத்திருந்தோம். அதனால்தான் ஊத்தங்கரையில் "நீ மட்டும் போய்ட்டு வா" என்று அவர் சொன்னபோது யோசிக்க வேண்டிய வேலை எனக்கு இல்லை.

ராத்திரிக்கு ஊத்தங்கரையிலும் செங்கத்திலும் லாட்ஜ் இருக்கிறது. மற்ற இடங்களில் கோயில் மண்டபம், விசேஷம் இல்லாத நாளில் கல்யாண மண்டபம். நாலு மணிக்கே போய்க் கேளுங்கள், இருட்டிய பிறகு கேட்டால் யாருக்கும் சந்தேகம்தான் வரும். கணவன் மனைவி என்றால் பேச்சை மனைவி தொடங்கட்டும், கதவு சீக்கிரம் திறக்கிறது.

செங்கத்துக்கு அப்புறம்

ஊத்தங்கரையில் அரை நாள் சும்மா இருங்கள், துணி துவைக்கவும் காலைத் தேய்த்துவிட்டுக்கொள்ளவும். சிங்காரப்பேட்டை தாண்டினால் இடது கைப்பக்கம் ஜவ்வாது மலை கூடவே வரும். அந்த மலைகளுக்கு நடுவே போகும் செங்கம் கணவாயில்தான் 1767-ல் ஹைதர் அலியின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதிக்கொண்டன. சங்க காலத்தில் நன்னன் ஆண்ட செங்கண்மா இந்தச் செங்கம்தான். நமக்கு அங்கே முக்கியம் வேறு: மருந்துக்கடை, நல்ல சாப்பாடு, ஒரு முழு ராத்திரித் தூக்கம். ஏனென்றால் செங்கத்திலிருந்து திருவண்ணாமலை முப்பத்தைந்து கிலோமீட்டர் கிட்ட. மலை கண்ணில் பட்டதும் இன்றே போய்விடலாம் என்று கால் பரபரக்கும். இரண்டு நாளாகவே பிரியுங்கள்.

2023-ல் அந்தக் கடைசி ராத்திரி ரோட்டோரம் ஒரு சின்னக் கோயில் திண்ணையில் தங்கினோம். நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய் ரோட்டு ஓரத்தில் நின்றவர் திரும்பி வரவில்லை. விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினேன். "இங்க வா" என்று கை காட்டினார். இருட்டில் மலை எது, வானம் எது என்று தெரியவில்லை, உச்சியில் மட்டும் ஒரு புள்ளி மஞ்சளாக நின்றது. பதினாலு வருஷத்துக்கு மேல் இதே ரூட்டில் வேலை பார்த்தவர், தீபத்து நாட்களில் ராத்திரி டிரிப்பும் அடித்தவர். "டிக்கெட் போட்டுட்டே இருந்துட்டேன், நின்னு பார்த்ததே இல்லை" என்றார்.

மறுநாள் ஊருக்குள் நுழையும் முன் செங்கம் ரோடு கிரிவலப் பாதையைத் தொடும் முனை வரும். நேராகப் போனால் எம லிங்கம், ரமணாசிரமம் தாண்டிக் கோயில், நாலைந்து கிலோமீட்டர்தான். இடது பக்கம் திரும்பினால் நிருதி லிங்கம், வருணன், வாயு, குபேரன், ஈசானியம் என்று மலையை வலமாகச் சுற்றிக்கொண்டு போகலாம். வந்த சூட்டில் இடது பக்கம் திரும்பிவிடாதீர்கள். கிரிவலம் முழுச் சுற்று 14 கிலோமீட்டர், அதை முறையாகக் கோயிலிலிருந்து தொடங்கி, மறுநாள் காலையில், வெறுங்காலோடு செய்யுங்கள். வந்த அன்று ராஜகோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ரூமுக்குப் போய்க் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுப்பதுதான் வேலை.

திரும்பும்போது பஸ்ஸில் ஷூ நாடாவைத் தளர்த்தி வையுங்கள், உட்கார்ந்தே வரும்போது கால் இன்னும் வீங்கும். மூன்று மணி நேரத்துக்குள் கிருஷ்ணகிரி. நாம் தங்கிய திண்ணையும் மண்டபமும் இளநீர்க் கடையும் ஒவ்வொன்றாக ஜன்னலில் ஓடும். எங்க வீட்டுக்காரர் இந்தத் தடவை கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டு, நடந்து போன கதையை மத்தூர் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். கடையை மறுநாளே திறக்காதீர்கள். நான் திறந்தேன், மிஷின் பெடலில் கால் வைத்ததும் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நாலு பிளவுஸ் டெலிவரி தள்ளிப்போயிற்று.